பூனைகளைத் திருப்பிக் கேட்கப் போன ஞாயிறு

பின் இருக்கையில் இரண்டு காலிக் கூண்டுகள். ஒன்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் யா கொடுத்தது. நீலப் பிளாஸ்டிக், கொக்கி உடைந்துபோனதால் கதவை ரப்பர் வளையம் போட்டு நிறுத்தியிருந்தார். மற்றொன்று சந்தையிலிருந்து கோழி கொண்டுவரும் கம்பிக்கூடை. பத்தாங் பெர்ஜுந்தாய் சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் இரண்டும் கடகடத்தன. நடுவில் உட்கார்ந்திருந்த என் மகள் தர்ஷினி, சேட்டை செய்யும் இரண்டு பிள்ளைகளை அடக்குவதுபோல் ஒன்றின் மேல் ஒரு கையாகப் போட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும், என் நெஞ்சு எதற்குத்தான் அடிக்காது என்று. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்துக்காக ஆலை அலுவலகத்திலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு ஓடி வந்தவள் நான். ஆனால் அன்றைக்கு அடித்தது வேறு மாதிரி. தேர்வு முடிவு வரும் காலையில் அடிக்குமே, அந்த மாதிரி.

“கொஞ்சம் மெதுவா போங்க,” என்றேன்.

“நாப்பதுலதான் போறேன்,” என்றார் என் கணவர். “இதுக்கு மேல மெதுவா போனா இறங்கி நடந்துடலாம்லா.”

கண்ணாடியில் பார்த்தேன். தர்ஷினி சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. அது எனக்கானது இல்லை, அவள் அப்பாவுக்கானது. பரவாயில்லை, சிரிப்பு சிரிப்புதான்.

அது எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

எண்ணிக்கை ஏறிய விதம்

என் கணவர் சேகர் லோரி ஓட்டுகிறார். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றி வருவது வேலை. மழை விடாமல் பெய்த ஒரு நாள், தஞ்சோங் காராங் பக்கம் சாலையோரக் கடையில் நிறுத்திச் சாப்பிட்டிருக்கிறார். லோரி எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை இறங்கியது.

டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த பயணியைப்போல நிதானமாக இறங்கியது. வாசலைப் பார்த்தது. சப்பாத்து, செருப்பு வைக்கும் அலமாரியைப் பார்த்தது. கடைசியாகத்தான் என்னைப் பார்த்தது. முனை மடங்கிய வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போனது.

“வேலைக்காட்டச் சுத்திப் பாக்குற மண்டோர் மாதிரியே நடக்குது பாரு,” என்றார் இவர். தோட்டத்துக் கங்காணியைத்தான் நாங்கள் மண்டோர் என்போம்; அன்றிலிருந்து அது மண்டோரம்மா.

பத்து நாளில் மண்டோரம்மா அந்தச் சப்பாத்து அலமாரியில், சரியாக என் அலுவலகச் சப்பாத்தின்மேல், நான்கு குட்டிகள் போட்டாள். தர்ஷினி பெயர் வைத்தாள். மிளகாய்த் துவையல்போல் செம்பட்டை நிறத்தது சம்பால். தேங்காய்ப்பால் நிறத்தது சந்தான். கறுப்புக் காப்பி நிறத்தது கோப்பி. எதிலும் சேராமல் சோயாக்கட்டிபோல் வெளிறிப்போயிருந்தது தாவ்பூ.

“பசியில பேர் வச்சிருக்கா,” என்றார் அவள் அப்பா.

பேர் வைக்கும்வரை நான் சும்மா இருந்ததுதான் தவறு. பேர் வைத்துவிட்ட ஒன்றை யாரிடம் கொண்டுபோய்த் தள்ளுவது?

என்னுடைய எண்ணிக்கை ஒன்று. தாய் மட்டும் இருக்கட்டும், குட்டிகள் பால் மறந்ததும் கொடுத்துவிடலாம் என்றேன். தர்ஷினியின் எண்ணிக்கை ஐந்து. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்றாள். என் கணவருக்கு எண்ணிக்கையே கிடையாது. “வந்தது வந்துடுச்சு, இருந்துட்டுப் போகட்டும்லா,” என்பதுதான் எல்லாவற்றுக்கும் அவருடைய முடிவு. எங்கள் கல்யாணத்துக்கும் இதையேதான் சொன்னார் என்று அவருடைய அக்கா சொல்வார்.

நான் பிறந்த தோட்டத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடு. பூனைகள் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. எந்த வீட்டில் மீன் பொரிகிறதோ அன்றைக்கு அது அந்த வீட்டுப் பூனை. நம் வீட்டுக்கு என்று கதவும் கேட்டும் பூட்டும் வந்த பிறகுதான், பூனையும் நம்முடையது, பக்கத்து வீட்டாருடையது என்று பிரிந்தது. அப்போதுதான் எத்தனை என்ற கேள்வியும் வந்தது.

கக் யாவிடம் கேட்ட யோசனை

பக்கத்து வீட்டு கக் யா ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. பூனை விஷயத்தில் எங்கள் தெருவில் அவரைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்வதில்லை. வேலியோரம் நின்று மலாயில் கேட்டேன்.

“கக், ஒரு வீட்டுக்கு எத்தனை பூனை சரி?”

“எத்தனை வருதோ அத்தனை.”

“உங்க வீட்ல எத்தனை இருக்கு?”

கக் யா துணி காயப் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னிக்கா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நாளுக்கு நாள் மாறும். பூனை வந்தால் வீட்டுக்கு ரிசெக்கி வரும், கடவுள் படியளப்பது கூடும் என்று அவர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எனக்கு ஒரே மகள், அவளுக்கு ஆஸ்துமா. ஏழு வயதிலிருந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே வாழ்கிறேன். அடுத்த அறையில் அவள் தூங்கும்போது உள்ளே இழுப்பது எத்தனை, வெளியே விடுவது எத்தனை என்று சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். இப்படியே இருந்தால் உனக்குத்தான் முதலில் மூச்சு முட்டும் என்று என் கணவர் சொல்வார்.

ஆனாலும் பூனைகள் வந்த இரண்டு மாதமும் தர்ஷினிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். தும்மல்கூட இல்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வுக்குப் படிப்பவள் மடியில் கோப்பியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அந்த உண்மையை அப்போது நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். பயப்படுகிறவர்களுக்குத் தாங்கள் பயப்படுவது மட்டும்தான் கண்ணில் படும்.

ஒரு வெள்ளிக்கிழமை

ஐந்து பூனை இருக்கும் வீட்டில் வாடை இருக்கும். எத்தனை மணல் மாற்றினாலும் இருக்கும். சாமி அறைவரை அந்த வாடை வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்திக்குச் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். சிரட்டையைக் கொளுத்திக் கனலாக்கி, தூபக்காலில் போட்டு, மேலே சாம்பிராணித் தூளைத் தூவி, அறை அறையாகக் காட்டிக்கொண்டு வருவேன். பூனைகள் வந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. ஒரு கரண்டி இரண்டு கரண்டியானது. குட்டிகள் தர்ஷினியின் கட்டிலுக்கடியில் தூங்கியதால் கட்டிலுக்கடியில் தூபக்காலைத் தள்ளி வைத்துக் காட்டினேன். கனலைக் கண்டு மிரண்டு குட்டிகள் சாலைக்கு ஓடிவிடக் கூடாதே என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு காட்டினேன்.

தர்ஷினி பிறந்தபோது தலைக்குக் குளிப்பாட்டிய ஒவ்வொரு முறையும் கூடைமேல் படுக்க வைத்து இதே சாம்பிராணிப் புகை காட்டித்தான் முடியை உலர்த்தினேன். சளி பிடிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்த வாசனை வந்தாலே வீடு சுத்தமாகிவிட்டது, பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று என் உடம்பே நினைத்துக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். தர்ஷினியின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விசில் சத்தம் மாதிரி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு. அது அவள் மூச்சு.

நீலநிற இன்ஹேலரை நான்கு முறை அழுத்தியும் பயனில்லை. பேச முடியவில்லை அவளுக்கு. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கியது. உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அந்த நிறத்தை எழுத என்னால் முடியாது.

மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்தை ஆவியாக ஏற்றினார்கள். அவள் நெஞ்சு இறங்கும்வரை நான் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன் என்று பிறகு இவர் சொன்னார். எனக்கு நினைவில்லை.

அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார்: “வீட்டில் செல்லப்பிராணி ஏதும்...”

“அஞ்சு பூனை,” என்றேன். அவர் கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

அடுத்துக் கேட்டார்: “புகை?”

“எங்க வீட்ல யாரும் சிகரெட் பிடிக்கிறதில்ல டாக்டர்.”

பொய் சொல்லவில்லை. புகை என்றதும் என் மனதில் வந்தது சிகரெட்தான். சாம்பிராணி எங்களுக்குப் புகை இல்லை. அது சாமி.

பெட்டியில் போனவை

தர்ஷினி வார்டில் இருந்த இரண்டாம் நாளே பூனைகளை அனுப்பிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாள், அதனால்தான் கேட்கவில்லை.

என் கணவரின் அக்கா கமலா, பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்பேன். போனில் சொன்னேன்.

“எங்க லயத்துல மனுசனுக்கே கால் நீட்ட எடமில்ல,” என்றார் அண்ணி. “அஞ்சு பூனைய எங்க வைக்கச் சொல்ற?”

“கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி.”

“உன் கொஞ்ச நாளு எனக்குத் தெரியும். நீ கொடுத்த தையல் மெஷின் ஒம்போது வருசமா இங்கதான் நிக்குது.”

இருந்தாலும் மறுக்கவில்லை. இவர் ஐந்தையும் இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டு வந்தார். திரும்பி வந்தவர் பெட்டிகளை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

தர்ஷினி வீட்டுக்கு வந்தாள். சப்பாத்து அலமாரியைப் பார்த்தாள். அதில் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. அழுவாள், கத்துவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

“எப்ப அனுப்புனீங்க?” என்றாள்.

“சனிக்கிழமை.”

“நான் மூச்சு விட ஆரம்பிச்சப்பறமா, முன்னாலயா?”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு என்னோடு பேசியதெல்லாம் ‘ம்’, ‘சரி’, ‘சாப்பிட்டேன்’.

அவள் வெறுத்தாலும் பரவாயில்லை, மூச்சு விட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு முழுக்கக் கழுவினேன். திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் துவைத்தேன். மிச்சமிருந்த பூனை வாடை போகட்டும் என்று சாம்பிராணியும் போட்டேன். வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டேன்.

ஊதும் குழாய்

மருத்துவமனையிலிருந்து வரும்போது தர்ஷினியிடம் ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்திருந்தார்கள். மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊத வேண்டும்; உள்ளே இருக்கும் முள் எந்த எண்வரை நகர்கிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. எண் ஏறினால் மூச்சுக்குழாய் விரிந்திருக்கிறது, இறங்கினால் சுருங்கியிருக்கிறது.

பூனை இல்லாத வீட்டில், மூன்றாவது வெள்ளிக்கிழமை, மறுபடியும் அந்த விசில் சத்தம் வந்தது. போன முறை அளவுக்கு இல்லை. இன்ஹேலரிலேயே அடங்கிவிட்டது. பூனைதான் போய்விட்டதே, இது எங்கிருந்து வந்தது?

அடுத்த வாரம் கிளினிக்கில் ஓர் இளம் மலாய் டாக்டர். பெண். தர்ஷினி எழுதி வைத்திருந்த தாளை மேசையில் விரித்துப் பார்த்தார். எண்களை வரிசையாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தாள் என் மகள். கோடு நேராகப் போய், திடீரென்று விழுந்து, மெல்ல ஏறி, மறுபடி விழுந்தது.

டாக்டர் விழுந்த இடங்களைப் பேனாவால் தொட்டார். ஒவ்வொன்றின் மேலும் என்ன கிழமை என்று தர்ஷினியிடம் கேட்டார்.

“செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். மலாயில் என்னை ‘அத்தை’ என்று முறை வைத்து மிக மரியாதையாகக் கேட்டார்: “மக்சிக், செவ்வாயும் வெள்ளியும் சாயந்திரத்தில் வீட்டில் என்ன நடக்கும்?”

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

“சாம்பிராணி,” என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. “கெமெஞான்,” என்று மலாயில் சொன்னேன். புரிந்தது. “ஜன்னலைத் திறந்து வைத்தா?” என்று கேட்டார்.

“சாத்தி.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிறைய வீடுகளில் இப்படி நடக்கிறது, சாம்பிராணி மட்டுமில்லை, கொசுவத்தியும்தான் என்றார். பூனை ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சோதித்துப் பார்ப்போம், ஆனால் புகை நிச்சயம் என்றார்.

தர்ஷினி முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ பூனை வைக்கலாமா டாக்டர்?”

“படுக்கையறைக்குள் விடாதீர்கள். தினமும் கூட்டித் துடையுங்கள். குழாயை விடாமல் ஊதுங்கள், எண் இறங்கினால் உடனே வாருங்கள்.”

“எத்தனை வைக்கலாம்?” என்று நான் கேட்டேன். என் குரலா அது என்று இருந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். “அதை நான் எப்படிச் சொல்வது? மூச்சு விடுகிறவரும் வீட்டைத் துடைக்கிறவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது அது.”

லயத்து வாசலில் பேரம்

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம். என் படபடப்புக்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். ஐந்தையும் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. காலையில் நானே போய்ப் புது மணல், ஐந்து தட்டு, பெரிய பை நிறையத் தீனி வாங்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

தார் சாலை முடிந்து செம்மண் சாலை வந்தது. இரண்டு பக்கமும் செம்பனை ஓலைகள் கூரைபோல் கவிந்து வெயிலே இறங்காத இடம். அண்ணி வீட்டு வாசலில் கார் நின்றதும் முதலில் வந்தது மண்டோரம்மா. வால் மேலே. காரைச் சுற்றி ஒரு நடை. எங்களை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. தெரிந்தாலும் காட்டிக்கொள்கிற ஆளில்லை அவள்.

தர்ஷினி படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கிருந்தோ சம்பால் வந்தது, பின்னாலேயே கோப்பி. ஒரு மாதத்தில் கால் நீண்டு முகம் மாறியிருந்தன. கோப்பி அவள் கையை முகர்ந்தது, ஒரு கணம் யோசித்தது, மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முகம் தெரியவில்லை, முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது. ஓடிப் போய் மூச்சா என்று பார்க்கக் கால் எழுந்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழறா. அது மூச்சில்ல. விடு.”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“எடுத்துட்டுப் போறியா? எதை?”

“பூனைங்கள அண்ணி.”

“அதான் எதைன்னு கேக்கறேன். சந்தான் வரமாட்டான். அவன் கோடி வீட்டு அரிசிப் பானைக்குக் காவல். ஒரு எலி அண்டறதில்ல. அந்த வீட்டுக்காரி தெனம் ஒரு மீன் தலை வச்சிருக்கா அவனுக்கு. தாவ்பூ எங்கூடத்தான் தூங்குது.”

“உங்களுக்கு எடமில்லன்னீங்களே.”

“கால் மடக்கித் தூங்கக் கத்துக்கிட்டேன்.”

“அக்கா, அதுங்க எங்க பூனைக்கா,” என்றார் இவர்.

“நீ பெட்டில போட்டுக் கொண்டாந்து கொட்டுனப்ப யார் பூனைன்னு சொல்லலையே தம்பி. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்ட. ராத்திரி முழுக்க அதுங்க கத்துன கத்து எனக்குத்தான் தெரியும். கெம்போங் மீனு பொரிச்சு ஆஞ்சு குடுத்தவ நானு.”

நான் விடவில்லை. எனக்குள் என்னவோ ஏறிக்கொண்டிருந்தது. புதுத் தட்டு வாங்கியிருக்கிறேன், மணல் வாங்கியிருக்கிறேன், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன், தினம் இரண்டு முறை துடைப்பேன், ஐந்தும் ஒன்றாக இருக்கட்டும், குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்று என்னென்னவோ பேசினேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மண்டோரம்மா வயித்தப் பாத்தியா?” என்றார்.

பார்த்தேன். பக்கவாட்டில் உப்பியிருந்தது.

“அஞ்சுன்னு வந்தியே, இப்ப எத்தனைன்னு சொல்லு.”

இவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒன்பதில் வந்து நின்றுவிட்டார். அண்ணிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே, “ஒம்போதுன்னாலும் சரி, தர்ஷினிக்கு வேணும்னா எல்லாத்தையும் கொண்டுபோவோம்,” என்றேன்.

“மா.”

படியிலிருந்து தர்ஷினி. நாலு வாரத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அன்னிக்குப் பயத்துல ஒண்ணுமே வேணாம்னீங்க. இன்னிக்கு மனசு கேக்காம அஞ்சும் வேணும்னு நிக்கிறீங்க. ரெண்டு தடவையும் எனக்கு எத்தனை வேணும்னு நீங்க கேக்கவே இல்லம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. கோப்பியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது.

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் படியில் போய் உட்கார்ந்தேன்.

“உனக்கு எத்தனை வேணும்?”

“ரெண்டு.”

“ரெண்டு போதுமா?”

“என்னால ரெண்டுக்குத்தான் தெனம் முடி வாரி விட முடியும். தேர்வு வேற வருது. ஒண்ணுன்னா தனியா கத்தும். அஞ்சுன்னா என் நெஞ்சு தாங்குமான்னு டாக்டருக்கே தெரியல. ரெண்ட வச்சு மூணு மாசம் ஊதிப் பாக்கறேன். எண் இறங்கிச்சுன்னா நானே இங்க கொண்டாந்து விடுவேன். நீங்க இல்ல. நான்.”

“சரி.”

“என் ரூமுக்குள்ள வராது. வாசல்ல ஒரு கதவு வலை போடணும்.”

“அதை நான் போடறேன்லா,” என்றார் அவள் அப்பா.

“அத்தை, மண்டோரம்மா குட்டி போட்டதும் அறுவை சிகிச்சை பண்ணிடணும். சத்தியம் பண்ணுங்க.”

“எனக்கா அவளுக்கா?” என்றார் அண்ணி. ஆனாலும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

சம்பாலும் கோப்பியும் வந்தன. நீலக் கூண்டு ஒன்றிலேயே இரண்டும் அடங்கிவிட்டன. கம்பிக்கூடை காலியாகவே திரும்பியது. அண்ணி அதில் ஒரு வாழைத்தார் வைத்துக் கொடுத்தார். தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இடமில்லை என்றுவிட்டேன்.

வழி முழுக்கக் கோப்பி கத்தியது. தர்ஷினி கூண்டோடு பேசிக்கொண்டே வந்தாள். நான் கண்ணாடியில் பார்க்காமல் இருக்க முயன்றேன். மூன்று முறை பார்த்துவிட்டேன். எதிர்வெயில் முகத்தில் அடித்தது. ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்கு வெளியே

வெள்ளிக்கிழமைகளில் இப்போது எங்கள் வீட்டில் விளக்கும் மல்லிகையும் மட்டும்தான். முதல் வாரம் சாமி கும்பிட்டு முடிந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே கக் யா வீட்டுப் பூனைகள் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எண்ணவில்லை.

மறு பரிசோதனைக்குப் போன வாரம் போனோம். தாளில் கோடு நேராகத்தான் போயிருந்தது, நடுவில் ஒரு சின்னச் சறுக்கலைத் தவிர. அது பக்கத்து வயலில் வைக்கோல் கொளுத்திய நாள். அந்தச் சறுக்கலுக்காக நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தர்ஷினி இரண்டு முறை இன்ஹேலரை அழுத்திவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

கிளினிக்கில் எங்கள் வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் நானும் எழுந்தேன்.

“நீங்க இங்கயே உக்காருங்கம்மா,” என்றாள் தர்ஷினி. “நானே பேசிட்டு வரேன்.”

ஏழு வயதிலிருந்து எந்த டாக்டர் அறைக்கும் அவள் தனியாகப் போனதில்லை. உட்கார்ந்தேன். மடியில் அவள் பை. கதவு முழுவதும் சாத்தவில்லை, ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதே இளம் டாக்டரின் குரல். மாத்திரை, தூக்கம், படிப்பு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “பூனைகள்?” என்றார்.

“ரெண்டு.”

“ஐந்து இருந்ததே. யார் குறைத்தது?”

நான் பையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மாவும் நானும் சேர்ந்து முடிவு பண்ணோம்,” என்றாள் தர்ஷினி.

அது உண்மையில்லை. முடிவு அவளுடையது. நான் கேட்டேன், அவ்வளவுதான். அதையும் அவள் சொன்ன பிறகுதான் கேட்டேன். எழுந்து கதவருகே போனேன், திருத்திச் சொல்லிவிடலாம் என்று. கைப்பிடியில் கை வைத்தேன். பிறகு, சத்தம் வராமல், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.